தராசும் மதிப்பெண்ணும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் மகிழ்ச்சியும் மனத்தாங்கலும் மாறி மாறிக் குடிபுகுகின்றன. அண்டை வீட்டுப் பிள்ளையைவிட மூன்று மதிப்பெண் குறைந்ததற்காகத் தம் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அந்த மூன்று மதிப்பெண்ணை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம்?

அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் கல்வியாளர் இருவர் 1912-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே ஆங்கில விடைத்தாளை ஆசிரியர் 142 பேர் தனித்தனியே திருத்தினர். நூற்றுக்கு 64 அளித்தவரும் உண்டு. 98 அளித்தவரும் உண்டு! மொழிப்பாடமாதலால் இவ்வேறுபாடு நேர்ந்தது என்று சிலர் கருதினர். அடுத்த ஆண்டில் வடிவகணிதத் தாளைக் கொண்டு ஆராய்ந்தபோது வேறுபாடு குறையவில்லை; முன்னிலும் மிகுந்தது.

ஒரு பொருளை எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டும் தராசே நம்பத்தக்கது. தேர்வுக்கும் இவ்வியல்பு வேண்டும். இதனையே உளவியலார் நம்பகத்தன்மை என்பர். ஒரே தேர்வைச் சில நாள் இடைவிட்டு மீண்டும் நடத்தியும், வினாக்களை இரு பாதியாக்கி ஒப்பிட்டும், இருவரைத் திருத்தச் செய்தும் இதனைக் கணிப்பர். முழுமையான நம்பகத்தன்மைக்கு 1 என்பது அளவு. நடைமுறையில் எத்தேர்வும் அதனை எட்டுவதில்லை. பிள்ளையின் காய்ச்சல், உறக்கமின்மை, படித்த பகுதி வினாவாக வராமை, திருத்துவோரின் களைப்பு ஆகிய யாவும் மதிப்பெண்ணை அசைக்கின்றன.

ஒரு தேர்வின் நம்பகத்தன்மை 0.84 என்றும், மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 10 என்றும் கொள்வோம். கணக்கிட்டால் அளவீட்டுப் பிழை 4 மதிப்பெண் ஆகும். 60 பெற்ற பிள்ளையின் உண்மை நிலை பெரும்பாலும் 56-க்கும் 64-க்கும் இடையே இருக்கும். சில வேளை அதற்கும் அப்பால் செல்லும். மூன்று மதிப்பெண் வேறுபாட்டுக்காக நாம் வடிக்கும் கண்ணீர் வீண் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

இன்னொன்றும் உண்டு. எப்போதும் நூறு கிராம் கூட்டியே காட்டும் தராசு மாறாதது, ஆயினும் தவறானது. அவ்வாறே, மனப்பாடத்தை மட்டும் மாறாமல் அளக்கும் தேர்வு சிந்தனைத் திறனை அளந்துவிட்டதாகாது. அன்பும் நேர்மையும் எந்த வினாத்தாளிலும் இடம்பெறுவதில்லை.

தேர்வுகள் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ஒரு தேர்வை மட்டும் நோக்காது, ஆண்டு முழுவதும் பெற்ற மதிப்பெண்களை ஒருசேர நோக்குவோம். தொடர்ந்து தாழ்ந்தால் ஆசிரியரை அணுகிக் காரணம் அறிவோம். கள்ளத் தராசைக் கண்டிக்கும் திருமறையைக் கையில் ஏந்தும் நாம், இறைவன் நமக்களித்த பிள்ளைகளை நிறுக்கும்போதும் நேர்மை தவறலாகாது.