இருதய சத்திரசிகிச்சையின் பின் வீட்டிலிருந்தே வைத்தியருடன் பேசுதல்

பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் வெட்டிய நெஞ்செலும்பு பொருந்த 6 தொடக்கம் 12 வாரங்கள் செல்லும். இக்காலத்தில் வயதானவர்களைக் காரில் ஏற்றி இறக்குவது சிரமம். பிள்ளைகளுக்கோ வேலை. எனவே அவுஸ்திரேலியாவில் குடும்ப வைத்தியர்களாகிய நாம் இவர்கள் பலருடன் தொலைபேசியிலும் வீடியோவிலும் பேசுகிறோம். 2020இல் கொரோனாவால் விரிவாக்கப்பட்ட இவ்வசதி 2022இல் மெடிக்கெயாரில் நிரந்தரமானது. பொதுவாக, முந்தைய 12 மாதங்களில் ஒரு தடவையாவது அந்த வைத்தியரிடமோ கிளினிக்கிலோ நேரில் சென்றிருக்க வேண்டும்.

இதில் நாம் காணும் பெரிய சிக்கல் கைத்தொலைபேசி அல்ல. "ஒன்றுமில்லை டொக்டர், சுகமாய் இருக்கிறன்" என்ற பதில்தான். நேரில் வந்தால், கதவிலிருந்து கதிரைக்கு வருவதற்குள் வாங்கும் மூச்சு உண்மையைச் சொல்லிவிடும். தொலைபேசியில் அது தெரியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒரு கொப்பியில் தினமும் எழுதி வையுங்கள்.

நிறை: காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் பாருங்கள். 2 நாட்களில் 2 கிலோ கூடினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, உடம்பில் நீர் தேங்குகிறது. அன்றே அழையுங்கள்.

பிரஷரும் நாடியும்: 5 நிமிடம் அமைதியாக இருந்தபின் பாருங்கள். நாடி ஒழுங்கின்றி அடித்தால் உடனே சொல்லுங்கள். கவனியாது விட்டால் பக்கவாதம் வரக்கூடும்.

காயம்: நெஞ்சையும், இரத்தக்குழாய் எடுத்த காலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, கசிவு, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், இருமும்போது எலும்பு அசைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

குளிசைகள்: பழைய பெட்டி, புதிய பெட்டி எல்லாவற்றையும் கமராவில் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வீட்டில் இருப்பதுண்டு. தெரியாமல் இரண்டையும் விழுங்குவார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா தன் மார்புக்குக் கீழுள்ள புண்ணைப் பற்றி மகன் முன்னால் சொல்லமாட்டார். அப்பா இரவில் அழுவதை மகளிடம் சொல்லமாட்டார். இச்சத்திரசிகிச்சையின் பின் மனச்சோர்வு பலருக்கும் வருவது; அதற்கும் சிகிச்சை உண்டு. அழைப்பை இணைத்துக் கொடுத்துவிட்டு, சில நிமிடங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள். மொழி தடையானால் அரசாங்கத்தின் 131 450 மொழிபெயர்ப்புச் சேவை உண்டு. வைத்தியரே அதனூடாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக இணைக்கலாம்.

தொலைபேசியால் முடியாதவையும் உள்ளன. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கமுடியாது. வோபரின் எடுப்பவர்களின் இரத்தத்தைச் சோதிக்கமுடியாது. இவற்றுக்கு நேரில் வரத்தான் வேண்டும். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், மயக்கம் ஏற்பட்டால் எமது அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும், "ஏன் பிள்ளைகளுக்குக் கரைச்சல்" என்று பெரியவர்கள் தடுத்தாலும், உடனே 000ஐ அழையுங்கள்.