பெட்ரோல் எஞ்சினை டீசல் எஞ்சினாக மாற்றலாமா?

டீசல் பெட்ரோலைவிட விலை குறைவு. ஒரு லிட்டரில் ஓடும் தூரமும் அதிகம். அப்படியானால் வீட்டிலுள்ள பெட்ரோல் காரின் எஞ்சினை டீசலுக்கு மாற்றிவிட்டால் என்ன? பெற்றோர் பலர் எழுப்பும் இக்கேள்விக்கு நம் பௌதிகப் பாடத்தின் துணைகொண்டு விடை காண்போம்.

உறிஞ்சுதல், அழுத்துதல், விரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளும் இரு எஞ்சின்களுக்கும் பொதுவானவை. தீ மூட்டும் முறையில்தான் வேறுபாடு. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சுமார் 8 முதல் 10 மடங்கு அழுத்தப்படுகிறது. பிறகு ஸ்பார்க் பிளக்கின் பொறி அதைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறியே இல்லை. வெறும் காற்று 15 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடேறுவதை நாம் அறிவோம் அல்லவா? அதுபோலவே இக்காற்றும் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசலை நுண்துளிகளாகப் பீய்ச்சியதும் அது தானாகவே தீப்பற்றுகிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் இம்முறையை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்.

இத்தகைய அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், அதை இறுக்கும் போல்ட்டுகள் ஆகிய அனைத்தும் உறுதியாக இருத்தல் வேண்டும். உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் புதிதாகத் தேவை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு டாங்கியில் டீசலை ஊற்றினால் போதாது!

பெரிய நிறுவனங்களே இதில் இடறியதுண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஓல்ட்ஸ்மொபைல் பெட்ரோல் எஞ்சினின் அமைப்பைத் தழுவி 5.7 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றைச் செய்து, 1978-ஆம் ஆண்டு மாடல் கார்களில் பொருத்தியது. பிளாக்கை வலுவாக்கியவர்கள், ஹெட் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பெட்ரோல் எஞ்சினில் இருந்தபடியே விட்டுவிட்டனர். அழுத்தம் தாங்காமல் போல்ட்டுகள் நீண்டன, கேஸ்கட்டுகள் பழுதாயின. டீசலில் கலந்த நீரைப் பிரிக்கும் வடிகட்டி இல்லாததால் பம்புகளும் கெட்டன. 1985-உடன் அந்த எஞ்சின் நின்றுபோயிற்று.

ஆகவே நடைமுறைக்கு ஏற்ற வழி, எஞ்சினை மாற்றியமைப்பதன்று. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு முழு டீசல் எஞ்சினையே பொருத்துவது. நம் நாட்டில் அம்பாஸிடர் கார்கள் பலவற்றில் இவ்வாறே செய்தனர். ஆயினும் டீசல் எஞ்சின் பொதுவாகக் கனமானது; அதிர்வும் மிகுதி. மவுண்டிங், முன் ஸ்பிரிங், பாட்டரி, கியர் விகிதம் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவு செய்யும் அதிகாரியின் அனுமதியின்றி எஞ்சினை மாற்றக் கூடாது.

இனி ஒரு கணக்கு. மாற்றும் செலவு 1,00,000 ரூபாய், கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு அது 500 நாள். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கோ 100 மாதம்; அதாவது எட்டு ஆண்டுகளுக்கும் மேல்! அதுவரை பழைய கார் உழைக்குமா? 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின், விலை வேறுபாடும் முன்போல் பெரிதாக இல்லை.

எனவே, மாற்றுவது இயலும். ஆனால் வீட்டுக் காருக்கு அது சிக்கனமாகாது. சேமிப்பை மெக்கானிக்கிடம் கொடுக்குமுன், பென்சிலும் தாளும் எடுத்து இக்கணக்கை வீட்டாருக்குப் போட்டுக் காட்டுவோம்.