மாதம் ரெண்டு தடவை ஊருக்குப் போறீங்களா? பழைய கார் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



வேலை சென்னையில், வீடு திருச்சியில். மாதத்துக்கு ரெண்டு வாரக் கடைசியாவது அப்பா அம்மாவைப் பார்க்கப் போயே ஆகணும். பண்டிகை வந்தால் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பஸ் கட்டணம் எகிறிடும். "ஒரு கார் இருந்தா நல்லா இருக்குமே"ன்னு உங்களுக்கும் தோணியிருக்கும்.

கையில் இருப்பது ஆறு, ஏழு லட்சம் பட்ஜெட். இதில் புதுசா ஒரு சின்ன ஹேட்ச்பேக் வரும். இல்லைன்னா அஞ்சாறு வருஷம் ஓடிய அழகான ஒரு செடான் வரும். ஹைவேயில் அடிக்கடி ஓட்டப் போறீங்கன்னா எது சரி? வாங்க, முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

ஒரு டிரிப்புக்கு உண்மையான செலவு எவ்வளவு?

சென்னை–திருச்சி ஒரு வழி சுமார் 330 கி.மீ. போய்வர 660. மாதம் ரெண்டு முறை என்றால் வருஷத்துக்கு 24 டிரிப், கிட்டத்தட்ட 15,840 கி.மீ.

6 லட்சத்துக்கு வாங்கும் காரை அஞ்சு வருஷம் கழித்து 3 லட்சத்துக்கு விற்கிறீங்கன்னு வைப்போம். தேய்மானம் மட்டும் வருஷத்துக்கு 60,000 ரூபாய். இன்சூரன்ஸுக்கு 15,000, சர்வீஸ், டயர் வகைக்கு 25,000 சேர்த்தால் 1 லட்சம். 24 டிரிப்பில் பிரித்தால் ஒரு டிரிப்புக்கு சுமார் 4,170 ரூபாய். லிட்டருக்கு 17 கி.மீ. மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் எரிபொருள் 3,880 ரூபாய். ஆக, டோல் இல்லாமலே ஒரு டிரிப்புக்கு 8,000 ரூபாய்!

தனி ஆளா போறவங்களுக்கு இந்தப் பணத்தில் பஸ்ஸில் பல தடவை போய் வரலாம். கணவன், மனைவி, குழந்தைகள்னு நாலு பேர் போறீங்கன்னா கணக்கு கிட்டத்தட்ட சமமாகும். நாள்தோறும் ஆபீஸுக்கும் அதே காரை எடுத்தால், தேய்மானமும் இன்சூரன்ஸும் இன்னும் பரவலாகும். "தனியாத்தான் போவேன், ஆனாலும் கார் வேணும்" என்றால் வாங்குங்க, தப்பில்லை. ஆனால் அந்த வசதிக்கு என்ன விலை கொடுக்கிறோம்னு தெரிஞ்சு வாங்குங்க.

புது சின்ன காரா, பழைய பெரிய காரா?

ஊருக்குள் ஓட்ட சின்ன கார்தான் வசதி. ஹைவே வேற கதை. பக்கத்தில் ஒரு ஆம்னி பஸ் வேகமா கடக்கும்போது சின்ன கார் லேசா ஆடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி அதிகமா இருந்தால் கார் நிலையா நிக்கும். ஸ்விஃப்ட்டில் இந்த இடைவெளி 2,450 மி.மீ., ஹோண்டா சிட்டியின் நான்காம் தலைமுறையில் 2,600, சியாஸில் 2,650. அஞ்சு மணி நேரம் ஓட்டி இறங்கும்போது இந்த வித்தியாசம் உங்க முதுகுக்குத் தெரியும்.

விலையிலும் லாபம் உண்டு. இன்சூரன்ஸ் கணக்குப்படியே ஒரு காரின் மதிப்பில் அஞ்சு வருஷத்துக்குள் 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. அந்த அடியை முதல் ஓனர் வாங்கிட்டார். நீங்க மிச்சத்துக்கு மட்டும்தான் பணம் கொடுக்கறீங்க.

எந்தெந்த கார்களைப் பார்க்கலாம்?

1. ஹோண்டா சிட்டி (2014 முதல் வந்த நான்காம் தலைமுறை): 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மென்மையா ஓடும். பார்க்கவும் இன்னும் பழசா தெரியாது. 510 லிட்டர் டிக்கி. ஆள் நிறைய ஏறினால் பெரிய ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும், கவனம்.

2. மாருதி சியாஸ்: 2018-க்குப் பிறகு வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் மாடல் மைலேஜில் கெட்டி. பின் சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். 2025-ல் உற்பத்தி நின்றாலும் மாருதி சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர் குறைவு. நடுவழியில் பிரச்சினை என்றால் அதன் அருமை தெரியும்.

3. ஃபோக்ஸ்வாகன் வென்டோ, ஸ்கோடா ராபிட்: வேகத்தில் ரோட்டைப் பிடிச்சு ஓடும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை கூடுதல். 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸை நன்கு சோதிக்காமல் வாங்காதீங்க. ரிப்பேர் வந்தால் பில் பெருசு.

எந்த மாடலா இருந்தாலும் ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கான்னு பாருங்க. பழைய பேஸ் வேரியண்ட்களில் இவை இல்லாமலும் இருக்கலாம். எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலையில். ராத்திரி ஹைவேயில் ஓட்டப் போறவங்க 20,000 ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

பெட்ரோலா, டீசலா?

அதே 15,840 கி.மீ.க்கு, பெட்ரோலில் 17 கி.மீ. மைலேஜ் என்றால் வருஷச் செலவு சுமார் 93,200 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய், மைலேஜ் 20 என்றால் சுமார் 72,900. வருஷத்துக்கு 20,300 மிச்சம். ஆனால் டீசல் கார் 1 லட்சம் கூடுதல் விலை சொன்னால், அதை மீட்கவே அஞ்சு வருஷம் ஆகும். டீசல் இன்ஜினின் டர்போ, இன்ஜெக்டர் ரிப்பேர் வந்தால் அந்த மிச்சமும் போயிடும். மாதம் 2,000 கி.மீ.க்கு மேல் ஓடினால் டீசலை யோசிங்க. அதற்குக் கீழே பெட்ரோல் போதும்.

மைலேஜைக் கூட்ட இலவசமான வழி ஒண்ணு இருக்கு: வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 110-ல் பறப்பதை விட்டு 85–90-ல் சீரா போனாலே பெட்ரோல் மிச்சம்.

ஸ்டைலில் ஏமாறாதீங்க

முந்தைய ஓனர் பெரிய அலாய் வீல், எல்.இ.டி. லைட், சத்தமான சைலன்சர் எல்லாம் போட்டிருப்பார். அதற்காக அதிக விலையும் கேட்பார். அளவு மீறிய வீல் மைலேஜைக் குறைக்கும். ஒயரை வெட்டி ஒட்டிய லைட் ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றங்கள் கிளெய்மில் சிக்கலாகும். கம்பெனியில் வந்தபடியே இருக்கும் காரை எடுங்க. நல்ல பாலிஷ், சுத்தமான சீட் கவர் போட்டாலே அழகு தானா வரும்.

பார்க்கப் போகும்போது

* டயர்: பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டிய டயர் என்றால், நாலு புது டயர் விலையை பேரத்தில் கழிங்க.
* வெள்ளம்: சென்னை கார் என்றால் 2015, 2023 வெள்ளத்தை மறக்காதீங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கான்னும் பாருங்க.
* மீட்டர்: 40,000 கி.மீ. காட்டும் காரில் ஸ்டீயரிங்கும் பிரேக் பெடலும் வழவழன்னு தேய்ஞ்சிருந்தால் சந்தேகப்படுங்க. சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க.
* ஓட்டிப் பார்ப்பது: தெருவுக்குள் ஒரு ரவுண்டு போதாது. ஹைவேயில் 80-ல் ஓட்டுங்க. ஸ்டீயரிங் நடுங்குதா, பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்குதான்னு அங்கேதான் தெரியும். நம்பிக்கையான மெக்கானிக்கையும் கூட்டிட்டுப் போங்க.

பேப்பர் வேலை

எம்பரிவாகன் ஆப்பில் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் நிலவரம், கடன் பாக்கி விவரம் பாருங்க. செலான் பாக்கியையும் சரிபாருங்க. பேங்க் கடன் இருந்திருந்தால் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வேணும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாற்ற விண்ணப்பிங்க. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது; அது அவருடையது.

கடைசியா, கடன்

பழைய காருக்கு வட்டி பொதுவா புதுக் காரைவிட அதிகம். 4 லட்சம் கடன், 13 சதவீத வட்டி என்று வைப்போம். 3 வருஷத்தில் கட்டினால் இ.எம்.ஐ. சுமார் 13,480, மொத்த வட்டி 85,000. 5 வருஷம் என்றால் இ.எம்.ஐ. 9,100 தான், ஆனால் வட்டி 1,46,000. குறைந்த இ.எம்.ஐ.யைப் பார்த்து மயங்கினால் 61,000 ரூபாய் போச்சு. 13,480 கட்ட எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியிருந்தால், நீங்க பார்க்கும் கார் உங்க பட்ஜெட்டுக்கு மேல். ஒரு படி இறங்குங்க, இல்லைன்னா ஒரு வருஷம் காத்திருங்க.

இன்னொண்ணு: பட்ஜெட் 6.5 லட்சம் என்றால் 6 லட்சத்துக்குள் காரை முடிங்க. மிச்சம் 50,000-ஐ வாங்கின முதல் மாதமே டயர், பேட்டரி, பிரேக், ஆயில் சரிபார்க்க ஒதுக்குங்க. அதை முடிச்சுட்டு முதல் டிரிப்பைக் கிளம்புங்க. தூக்கம் வந்தால் விக்கிரவாண்டியில் நிறுத்தி ஒரு டீ குடிங்க. ஊரில் அம்மா சாப்பாட்டை எடுத்து வைக்க அரை மணி நேரம் தாமதமானால் ஒண்ணும் ஆயிடாது.