தோலுக்குப் பதில் டயர்: சுதீர் ராஜ்பரும் ஒரு சாதிப் பெயரும்



கழிவுப் பொருளில் கலை செய்கிறவர்களைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். குப்பை அழகாகிவிட்டது என்று பாராட்டுகிறார்கள். குப்பையோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட மனிதர்களைப் பற்றிய பேச்சு அதில் குறைவு. அதனால்தான் மும்பைக் கலைஞர் சுதீர் ராஜ்பரின் வேலையை உங்கள் முன் வைக்கிறேன்.

மகாராஷ்டிராவில் பசுவதைத் தடை முன்பே உண்டு. 2015இல் அது காளைக்கும் எருதுக்கும் நீண்டது. மாட்டுத்தோலை நம்பியிருந்த தாராவிப் பட்டறைகளில் வேலை சுருங்கியது. தாராவி நமக்கு அந்நிய ஊரல்ல. அங்கே தோல் பதனிடும் தொழில் வேர்விட்ட காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம் மக்கள் அதில் உழைத்தவர்கள்.

நுண்கலை படித்த ராஜ்பர் அந்தக் கைவினைஞர்களோடு சேர்ந்து மாற்றுப் பொருள் தேடினார். தேய்ந்து கழிந்த டயர்களை மறுசுழற்சி செய்து எடுக்கும் ரப்பர் தாள் கிடைத்தது. பார்வைக்குத் தோல் போலிருக்கும், தண்ணீர் புகாது. தோலை அளந்து, வெட்டி, மடித்துத் தைத்த அதே கைப்பழக்கம் இதற்கும் பொருந்தியது. முதலில் பைகள் செய்தார்கள், பிறகு நாற்காலிகள். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த வடிவமைப்புக் கண்காட்சியில் அந்த நாற்காலிகள் கலைப்படைப்புகளாக வைக்கப்பட்டன.

இந்த முயற்சிக்கு அவர் இட்ட பெயர் 'சமார் ஸ்டுடியோ'. வட இந்தியாவில் சமார் என்பது தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சாதியின் பெயர். வசைச் சொல்லாகவும் புழங்குவது. இழிவுபடுத்தும் நோக்கத்தில் ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சொல்லை ராஜ்பர் தொழில் தெரிந்தவரின் முத்திரையாகப் பொருளின் மேல் பதிக்கிறார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. செத்த மாட்டின் தோலைத் தொடுவதால்தான் தீட்டு என்று நமக்குச் சொன்னார்கள். இங்கே தோலே இல்லை, ரப்பர்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர் இருந்தால், தீட்டு அந்தப் பொருளில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றுதானே அர்த்தம்? அது பொருளில் இருந்திருந்தால், 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கைகளில் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்?

நம் பறையையும் பாருங்கள். இன்று பல இடங்களில் தோலுக்குப் பதில் ஃபைபர் கட்டுகிறார்கள். காய்ச்ச நெருப்பு வேண்டாம், மழைக்குத் தொய்யாது. ஆனால் சாவு வீட்டில் அதை அடிக்க இன்றும் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள்?

பொருளை மாற்றுவது கலைஞர் செய்யக்கூடியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கண்காட்சியில் நாற்காலி என்ன விலைக்குப் போகிறது, தைத்தவருக்கு எவ்வளவு கூலி, அவர் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் எந்தக் கலைக்கூடத்திலும் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.