குதிரைக் குளம்புக்கு ஒரு விஷ ஊசி!

"நொண்டுகிற குதிரைக்கு விஷத்தை ஊசியில் ஏற்றி வலியைக் குறைக்கப் பார்க்கிறார்கள்" என்று சொன்னால் நம்புவீர்களா? "என்ன வைத்தியரே, விளையாடுறீங்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. விளையாட்டில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த விஷயம் உங்கள் வீட்டுத் தொட்டில் வரைக்கும் வரப்போகிறது.

அமெரிக்காவில் 1973-ல் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற குதிரை செக்ரடேரியட். 1989-ல் அதைக் கருணைக் கொலை செய்ய வேண்டி வந்தது. 2006-ல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோவுக்கு அடுத்த பந்தயத்திலேயே பின்னங்கால் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆனால் பாரத்தைச் சுமந்த மற்ற கால்களில் குளம்பு நோய் வந்துவிட்டது. 2007 ஜனவரியில் அதற்கும் அதே முடிவுதான். இரண்டையும் வீழ்த்தியது 'லாமினைட்டிஸ்' என்ற குளம்பு அழற்சி.

குளம்புக்குள் என்ன நடக்கிறது?

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்றது. காலின் கடைசி எலும்பு அதற்குள் இருக்கிறது. புத்தகத் தாள்கள் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்த மெல்லிய திசுக்கள்தான் அந்த எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கின்றன. தானியத்தை அதிகமாகத் தின்றாலோ, ஹார்மோன் கோளாறு இருந்தாலோ, ஒரே காலில் பாரம் விழுந்தாலோ இந்தத் திசுக்கள் வீங்கி, பிடிப்பை விடுகின்றன.

சுவரில் ஆணி தளர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டிய கயிற்றை யாராவது இழுத்துக்கொண்டே இருந்தால்? எலும்பின் பின்புறம் ஒரு தடித்த தசைநாண் இணைந்திருக்கிறது. மேலே உடம்பின் பாரம், பின்னே தசைநாணின் இழுப்பு. எலும்பு திரும்பி, அதன் முனை உள்ளங்குளம்பைக் குத்துகிறது. அந்த வலியில் குதிரையால் எப்படி நிற்க முடியும்?

இழுப்பைக் குறைக்கக் குதிகாலை உயர்த்தி லாடம் அடிப்பார்கள். மிகவும் முற்றினால் தசைநாணையே வெட்டிவிடுவதும் உண்டு. சில கால்நடை மருத்துவர்கள் இதற்கு வேறொரு வழியை யோசித்தார்கள். கயிற்றை வெட்டுவானேன், இழுக்கிறவனின் கையைத் தளர்த்தினால் போதாதா? அந்தக் 'கை' முழங்காலுக்கு மேலே உள்ள தசை. அதில் போடுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் செலுத்துகிறார்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் 'சுருங்கு' என்ற கட்டளையை அது தடுக்கிறது. சில நாட்களில் தசை தளரும். மூன்று நான்கு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அதற்குள் திசுக்கள் ஆற அவகாசம் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

இது நோயின் வேரை அறுக்கும் மருந்து அல்ல. ஆரம்பத்திலேயே குளம்பை ஐஸில் வைத்துக் குளிர்விப்பது, தீவனத்தைத் திருத்துவது, சரியான லாடம், ஹார்மோன் கோளாறுக்கு மருந்து எல்லாம் கூடவே வேண்டும். குறைந்த எண்ணிக்கைக் குதிரைகளிடம்தான் இதைச் சோதித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, குதிரை இந்த நச்சைக் கொஞ்சமும் தாங்காத பிராணி. அளவு தப்பினால் உயிரே போய்விடும்.

விஷம் மருந்தான கதை

1895-ல் பெல்ஜியத்தில், ஒரு இறுதிச் சடங்குக்கு வாசிக்கப் போன இசைக் குழுவினர் கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பின்னாளில் ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் அதே நச்சை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1989-ல் அங்கே அரசு அனுமதியும் கிடைத்தது. எட்டிக்கொட்டையையும் சேராங்கொட்டையையும் சுத்தி செய்து, அளவு பார்த்துக் கொடுக்கும் எங்களுக்கு இது புரியாத சங்கதியா? அளவுதான் மருந்தையும் விஷத்தையும் பிரிக்கிறது.

மூளை முடக்குவாதத்தால் கெண்டைக்கால் தசை இறுகி, நுனிக்காலில் நடக்கும் குழந்தைகள் சிலருக்கும் இதே ஊசியைப் போடுகிறார்கள். உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன். உங்கள் மருத்துவர் இதைச் சொன்னால், "விஷமாச்சே!" என்று பயந்து ஓட வேண்டாம். எத்தனை நாள் பலன், பக்கவிளைவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி தொட்டிலுக்கு வருவோம். இந்தக் கிருமியின் விதைகள் தேனில் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துவிடும். பச்சிளங்குழந்தையின் குடலால் முடியாது. அங்கே கிருமி வளர்ந்து நச்சைச் சுரக்கும். தேனைக் காய்ச்சினாலும் இந்த விதைகள் சாவதில்லை. தேனில் உரைமருந்தைக் குழைத்து நாக்கில் தடவச் சொன்னவன்தான் நானும். இதைப் படித்தறிந்த பிறகு நிறுத்திவிட்டேன். தாய்மார்களே, பாட்டிமார்களே, ஒரு வயது நிறையும் வரை குழந்தைக்குத் தேன் வேண்டவே வேண்டாம்! மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறல், ஈனஸ்வர அழுகை, தலை நிற்காமல் துவளுதல் இவை தெரிந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குதிரைக்கு அளந்து கொடுக்கிற விஷத்தை, அளவே தெரியாமல் நம் குழந்தைக்கு நாமே கொடுக்கலாமா?