பகிர்வு ஹோஸ்டிங்கா, மெய்நிகர் சர்வரா?

பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே கணினியில், ஒரே இயங்குதளத்தின் கீழ் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் இயங்கக்கூடும். ஒரே ஐபி முகவரிக்கு வரும் கோரிக்கை எந்தத் தளத்துக்கு உரியது என்பதை, பிரவுசர் அனுப்பும் ‘ஹோஸ்ட்’ என்ற வரியைப் பார்த்தே சர்வர் பிரித்தறிகிறது. 1997இல் வெளியான எச்டிடிபி 1.1 அந்த வரியைக் கட்டாயமாக்கியது. மலிவான ஹோஸ்டிங் பெருக அது முக்கியக் காரணம்.

பிராசசரும் நினைவகமும் பொது என்பதால்தான் சிக்கல். ஒரு தளத்தில் திடீரெனக் கூட்டம் சேர்ந்தால் மற்றவையும் மந்தமாகலாம். ஒரு தளம் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் பொது ஐபி முகவரியே தடைப்பட்டியலில் ஏறி, தவறே செய்யாதவர்களின் மின்னஞ்சல்களும் ஸ்பேமுக்குப் போகும். இது அநியாயம்தான்.

மெய்நிகர் சர்வரில் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் ஒரு இயந்திரத்தைப் பல தனிக் கணினிகளாகப் பிரிக்கிறது. 2007இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த கேவிஎம் இதற்கு எடுத்துக்காட்டு. இப்படிப் பிரிந்த ஒவ்வொரு கணினிக்கும் தனி கெர்னல், ஒதுக்கிய நினைவகம், ரூட் அதிகாரம் உண்டு. பராமரிப்பும் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான். சர்வர் இணையத்தில் இணைந்த சில மணி நேரத்திலேயே, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான 22ஆம் போர்ட்டில் கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் பதிவேட்டில் வரிசையாகத் தென்படுவது வழக்கம். அப்டேட்டையும் பேக்கப்பையும் கவனிக்க ஆளில்லாவிட்டால், சிறிய தளத்துக்குப் பகிர்வு ஹோஸ்டிங்கே பாதுகாப்பு. தனி மென்பொருள் நிறுவ வேண்டியிருந்தாலோ, வருகை பகிர்வு வரம்பை அடிக்கடி முட்டினாலோ மெய்நிகர் சர்வருக்கு மாறலாம்.