கடைக்காரர் சொல்லும் 8 ஜி.பி. யாருக்கு?

சித்தேரி மலையிலிருந்து இறங்கி, அரூரில் கம்ப்யூட்டர் வாங்குவது லேசான காரியமா? பஸ் செலவு, ஒரு நாள் கூலி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்! மறுநாளே மகன், "அப்பா, கேம் நின்று நின்று ஓடுகிறது" என்றால் எப்படி இருக்கும்?

திரையில் படம் தீட்டுவது கிராபிக்ஸ் சிப். அதற்கு மெமரி வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் அதற்கென்று தனி மெமரி இல்லை. பொதுவான 'ராம்' மெமரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரே குதிர், இரண்டு குடும்பம்! 8 ஜி.பி.யில் 2 ஜி.பி. அதற்குப் போனால், மீதி 6 தான். "ராம் 8, கிராபிக்சும் 8" என்று கடைக்காரர் கணக்குச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டில் குதிரும் தனி; வேகமும் அதிகம். 12 ஜி.பி. உள்ள 'ஆர்.டி.எக்ஸ். 3060' கார்டில் நொடிக்கு 360 ஜி.பி. தகவல் பாயும். 'டி.டி.ஆர்.4-3200' ராமில் இரண்டு ஸ்டிக் போட்டால் சுமார் 51 ஜி.பி. ஒன்றே போட்டால் அதில் பாதி!

அதற்காகக் கடன் வாங்கிக் கார்டு போட வேண்டுமா? என்ன கேம் என்று மகனையே கேளுங்கள். 'வேலரன்ட்' தனி கார்டு இல்லாமலே ஓடும். 'சைபர்பங்க் 2077' குறைந்தது 6 ஜி.பி. உள்ள கார்டு கேட்கும்.

கார்டு இப்போது வேண்டாம் என்றால், 16 ஜி.பி.யை ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி.யாகப் போடச் சொல்லுங்கள். பின்னால் கார்டு செருக இடம் இருக்கிறதா, பவர் சப்ளை அதைத் தாங்குமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.